கல்லில் விளைந்த உப்பு

“போறதுக்கு டிக்கெட் இல்லீங்க அத்தை, வர்றதுக்குத்தான்” என்றாள் மருமகள்.

சிர்கெவ்வா படகுத்துறையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நான் டிக்கெட் கவுண்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். மால்டாவிலிருந்து கோஸோ தீவுக்குப் போகும் அந்தப் பெரிய படகில் ஏறும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கார், லாரி, சைக்கிள், ஆள் எல்லாம் பாட்டுக்கு உள்ளே போகிறது. கோஸோவிலிருந்து திரும்பும்போது போக வர இரண்டுக்கும் சேர்த்து 4.65 யூரோ வாங்கிவிடுகிறார்கள். போனவர்கள் திரும்பித்தானே ஆக வேண்டும் என்கிற கணக்கு. ஹோமரின் கதையில் கலிப்ஸோ என்கிறவள் ஒடிசியஸை ஏழு வருஷம் பிடித்து வைத்திருந்தாளே, அந்தத் தீவு எங்களுடையதுதான் என்று கோஸோக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஏழு வருஷம் டிக்கெட் பாக்கி வைத்த ஆள் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

2023 செப்டம்பர் முதல் வாரம் அது. மகன் மால்டாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மூன்று பேருமாகப் போவதாகத்தான் ஏற்பாடு. முதல்நாள் ராத்திரி அவனுடைய ஆபீசில் ஏதோ நின்றுபோனது. “அறைக்குப் பணம் கட்டியாச்சும்மா, திருப்பித் தரமாட்டான். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்திருங்களேன்” என்று சொல்லிவிட்டு லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவளும் நானும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எல்லாம் சேர்த்து 19 நாள். அவள் கோயம்புத்தூர், நான் தூத்துக்குடி. அவள் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ங்க’ வரும். முதலில் மரியாதை என்று நினைத்தேன். பிறகு, தள்ளி நிறுத்துகிறாளோ என்று பட்டது. மகன் வீட்டுப் பால்கனிக்கு வருகிற பூனையிடமும் “வாங்க, சாப்புடுங்க” என்று அவள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் மனசு லேசானது.

படகு 25 நிமிஷம் போகிறது. நடுவில் கோமினோ என்றொரு குட்டித் தீவு, அதன்மேல் ஒற்றைக் கோபுரம். கடலின் நிறத்தை எப்படிச் சொல்வது? வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும்போது, வாளியில் விட்டு இன்னும் கலக்காமல் ஒரு நொடி இருக்குமே, அந்த நிறம். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

கோஸோ 67 சதுர கிலோமீட்டர். பெரும்பாலான பஸ் நடுவிலிருக்கிற விக்டோரியா ஊரிலிருந்துதான் புறப்படும். 1887-இல் இங்கிலாந்து ராணிக்குப் பொன்விழா வந்தபோது வைத்த பேர் அது. உள்ளூரில் இன்றைக்கும் பழைய பேரான ‘ரபாத்’தைத்தான் சொல்கிறார்கள். எங்கள் அறை ஷாரா என்கிற ஊரில். ஷாராவின் எழுத்துக்கூட்டல் எக்ஸில் தொடங்குகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் எக்ஸில் தொடங்கும் ஒரு பேர் ஓடியதும், “இறங்கு, இறங்கு, இதான்” என்று நானே மணியை அமுக்கி, நானே அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். அது ஷௌகியா. அந்தத் தீவில் எக்ஸில் தொடங்கும் ஊர் ஒன்றோடு நிற்கவில்லை, எக்ஸை அவர்கள் ‘ஷ’ என்று சொல்கிறார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், அத்தை சொன்னதால் இறங்கியிருக்கிறாள்.

“நீ சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே அத்தை.”

மத்தியானம் ஒரு மணி. எதிரே ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் பெரிய கும்மட்டத்தோடு ஒரு கோயில். பழைய கோயிலை இடிக்காமல் அதைச் சுற்றியே புதுசைக் கட்டினார்களாம். 1951-இல் தொடங்கிய வேலை. வெளியே சுவர் எழும்ப, உள்ளே பூசை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஒரு வீட்டு நிழலில் ஒதுங்கினோம். வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டி சப்பாத்திக்கள்ளிப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். முள்கரண்டியால் பழத்தைக் குத்திப் பிடித்து, இரண்டு முனையையும் சீவி, முதுகில் நெடுக ஒரு கீறல் போட்டு, தோலைப் பாய் சுருட்டுகிற மாதிரி உருட்டி எடுக்கிறாள். கைக்கு முள் படவே இல்லை.

எங்கள் ஊர்க் கள்ளிப்பழம் இதைவிடச் சின்னது. தின்றால் வாய், சட்டை எல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் கறையாகும். நடுவில் நட்சத்திரம் போல ஒரு முள் இருக்கும், அதை எடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். கோயம்புத்தூர்ப் பெண் அதுவரை தின்றதில்லை என்றாள். பாட்டி எங்களுக்காக ஒரு தட்டில் எண்ணி எண்ணி வைத்தாள். வீஹெட், த்னெய்ன், த்லீத்தா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காயல்பட்டினத்தில் 18 வருஷம் டீச்சராக இருந்தவள் நான். மதரசாவுக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகள் வாஹித், இஸ்னைன், தலாத்தா என்று சொல்லிக் கல் விளையாடுவதைத் தினமும் கேட்டவள். மால்டா மொழி அரபு வழியில் வந்தது, எழுத்து மட்டும் லத்தீன். ஆனால் ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள். மறுநாள் ஷாரா கோயிலில் பாதிரியார் மைக்கில் ஜெபம் சொன்னபோது அல்லா, அல்லா என்று வந்துகொண்டே இருந்தது. கடவுளுக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். தவக்காலத்துக்குப் பேர் ‘ரந்தான்’, ரமலானிலிருந்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து நான் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மருமகள் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். ஷாராவில் செப்டம்பர் 8 திருவிழா, வேளாங்கண்ணியிலும் அன்றைக்குத்தான். மாதா பிறந்த நாள். அதற்காகக் காலை எட்டு மணியிலிருந்தே வேட்டுப் போட்டு எங்களை எழுப்பினார்கள். அது மட்டும் அப்படியே நம்ம ஊர்.

பார்க்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுப் பார்த்தோம். ஜகான்டியா கோயில் கி.மு. 3600 வாக்கில் கட்டியது, எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தது. சன்சுனா என்று ஓர் அரக்கி, மொச்சையும் தேனும் மட்டும் தின்று, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே அந்தப் பாறைகளைத் தூக்கி வந்து கட்டினாளாம். கல்லைவிட அந்தக் கதைதான் எனக்கு மனசில் நின்றது. பிள்ளையை இடுக்கிக்கொண்டு வேலை பார்க்கிறவளை அரக்கி என்று சொல்ல எந்த ஊரிலும் தயங்கமாட்டார்கள் போலிருக்கிறது.

ரம்லா கடற்கரையில் மணல் சிவப்பு. எங்கள் பக்கத்துச் செம்மணல் தேரியைக் கொஞ்சம் வெளுக்க வைத்த மாதிரி. மேலே கலிப்ஸோவின் குகை. பாறை நகர்ந்துவிட்டதால் உள்ளே விடவில்லை.

துவெய்ராவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடலுக்குள் கல்லாலேயே வாசல் வைத்த மாதிரி ஒரு வளைவு. மகன் மால்டாவுக்குப் போவதற்கு வெகு காலம் முன்பே, காலண்டர் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்துக் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதைப் பார்க்கத்தான் கோஸோ என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, பாறைமேல் நடந்து, விளிம்பு வரைக்கும் போய் நின்று, “எங்கே?” என்றேன். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். 2017 மார்ச் 8 அன்று அடித்த புயலில் அது மொத்தமாக விழுந்துவிட்டது. நாங்கள் போனபோதே ஆறு வருஷம் ஆகியிருந்தது. கடையில் அதன் படம் போட்ட காந்தவில்லை மட்டும் இன்னும் விற்கிறது.

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க அத்தை.”

எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக இப்படியேதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு காந்தவில்லை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் விக்டோரியாவில் குன்றின் மேலிருக்கிற கோட்டைக்கு ஏறினோம். 1551-இல் துருக்கிக் கப்பற்படை வந்து, அந்தக் கோட்டைக்குள் அடைந்திருந்த ஏறக்குறைய 5,000 பேரைப் பிடித்து அடிமைகளாகக் கொண்டுபோனது. தீவில் ஆளே இல்லாமல் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் குடியேறியவர்கள் எல்லோரும் இருட்டினால் கோட்டைக்குள் வந்துதான் படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது, 1637 வரைக்கும். கீழே இறங்கி வரும் சந்தில் நாலைந்து வீட்டு வாசலில் சாவி வெளிப்பக்கமாகப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டார்களோ என்று கதவைத் தட்டப்போனேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அங்கே பழக்கமே அதுதானாம். அக்கம்பக்கத்தார் திறந்துகொண்டு வரலாம் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள், கிளம்ப வேண்டிய அன்று, அஞ்சு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அவளும் எழுந்திருந்தாள். “உப்பளம் ஒண்ணு இருக்குதுங்க, போலாமா? நடந்தா முக்கால் மணி நேரம்” என்றாள். உப்பளத்தைப் பார்க்க யாராவது விமானம் ஏறி வருவார்களா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

மார்சல்ஃபோர்ன் என்கிற கடலோர ஊரைத் தாண்டி, கரையை ஒட்டிய சாலையில் நடந்தால் ஷ்வெய்னி. சூரியன் அப்போதுதான் வந்தது. பார்த்ததும் நின்றுவிட்டேன்.

மண்ணே இல்லை. கடற்கரை முழுக்க மஞ்சள் பாறை, அந்தப் பாறையில் உளியால் வெட்டிய பாத்திகள். தாயம் ஆடத் தரையில் கிழித்த கட்டங்கள் போல, ஒன்றை ஒட்டி ஒன்று, நூற்றுக்கணக்கில். கடலை ஒட்டி ஆழமான பெரிய குழிகள். அவற்றில் நிற்கிற நீர் வெயிலில் காய்ந்து கனமானதும் உள்ளே இருக்கிற ஆழமில்லாத பாத்திகளுக்கு அதை மாற்றுகிறார்கள். நாங்கள் தெப்பத்தில் தேக்கிப் பாத்திக்கு விடுவதும் அதுதான். முறை ஒன்றுதான், தரைதான் வேறே. எழுபது வயசிருக்கும் ஒரு பெரியவர் முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டையோடு நீளத் துடைப்பத்தால் பாத்தியிலிருந்த உப்பை ஓரமாகக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். துடைப்பம் போட்ட பிறகு அடியில் பாறை தெரிந்தது, கழுவிவிட்ட அடுப்பங்கரை மாதிரி.

குந்தி உட்கார்ந்து பக்கத்துப் பாத்தி நீரில் இரண்டு விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் மாதிரி வழுக்கியது. “நாளைக்கோ மறுநாளோ இது விழுந்துரும்” என்றேன்.

“என்ன விழும்?”

“உப்பு. தண்ணி கனத்துட்டுன்னா வழுக்கும். வழுக்க ஆரம்பிச்சா மேலே ஆடை மாதிரிப் பூக்கும், பெறவு அடியிலே விழும். டிகிரி பார்க்கக் கண்ணாடிக் குழல் உண்டு, இருபத்தஞ்சு வந்தா உப்பு. எங்க ஊர்ல கெழவிகளுக்குக் குழலெல்லாம் வேண்டாம்.”

பெரியவர் என் விரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏழு விரலைக் காட்டினார். ஏழு நாள். குவியலைக் காட்டி “மெல்ஹ்” என்றார். நான் “உப்பு” என்றேன். அவர் “ஊப்பு” என்றார். அத்தோடு எங்கள் பேச்சு முடிந்தது.

மத்தியதரைக் கடலில் உப்பு கொஞ்சம் அதிகம். மற்றக் கடல்களில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் இங்கே 38. மே முதல் ஆகஸ்ட் வரை மழையும் அபூர்வம். அந்தத் தீவில் உப்பு விளைவதில் ஆச்சரியமில்லை.

சாலையின் மறுபக்கம் பாறையைக் குடைந்த அறை. அதுதான் கிடங்கும் கடையும். வாசலில் ஒரு பலகை. எத்தனை தலைமுறையாக அந்தக் குடும்பம் உப்பு எடுக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி, பாட்டன் பூட்டன் படத்தோடு மாட்டியிருந்தது. ஒரு ஜோடி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. மருமகள் பலகையைப் படித்துவிட்டு, போனில் எதையோ தேடி, என் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள்.

“இங்கே ஒரு கதை போட்டிருக்குதுங்க. ஒரு கடிகாரக்காரன் உப்பெடுத்துப் பணக்காரனாகணும்னு பாறையிலே பாத்தி வெட்டினானாம். அடியிலே ஒரு குகை, கடல் உள்ளே வரும். பாறையிலே கிணறு மாதிரி ஓட்டை போட்டு வாளியிலே தண்ணி எறச்சானாம். ஊத்த ஊத்தத் தண்ணி காணாமப் போச்சாம். சூடு குடிக்குதுன்னு நெனச்சு மறுபடி மறுபடி ஊத்தியிருக்கான்.”

“பாறை குடிச்சிருக்கும்.”

“அதேதானுங்க! பொத்தல் பாறை. அப்புறம் மழைக்காலத்துல அலை குகைக்குள்ளே அடிச்சு, அந்த ஓட்டை வழியா ஆகாசத்துக்குப் பீச்சி, சுத்துப்பட்டு வயல்லயெல்லாம் உப்புத் தண்ணி கொட்டிப் பயிர் கருகி, ஊரே அவன்மேல கோர்ட்டுக்குப் போச்சாம்.”

“முட்டாப்பய. தரை தண்ணியைக் குடிக்காமப் பாத்துக்கணும், அதுதானே மொத வேலை. நாங்க அதுக்குத்தான் மிதிக்கிறது.”

“எதை?”

“பாத்தியை. மழை விட்டதும் தை மாசத்துல, களிமண்ணுல தண்ணியை விட்டு வரிசையா நின்னு மிதிப்பாங்க. நாள் கணக்கா. இறுகி இறுகிச் சிமெண்டுத் தரை மாதிரி ஆகணும். இல்லேன்னா தண்ணியை மண்ணு குடிச்சிரும்.”

“யாருங்க மிதிப்பாங்க? உங்கப்பாவா?”

“அம்மா” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. எங்கள் வீட்டில் அப்பா உப்பளத்தில் கணக்கு என்பதுதான் பேச்சு. பொய் என்று சொல்ல முடியாது. கணக்கப்பிள்ளைக்குக் கூடமாட நின்று, பெட்டிக்கு ஒரு கோடு போடுகிற வேலை அவருக்கு இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அது ‘உப்பளத்தில் கணக்கு’ ஆயிற்று. என் மகன் காலத்தில் ‘தாத்தா உப்பு பிசினஸ்’ ஆகிவிட்டது. அம்மா என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் பாத்தி மிதித்தவள், வாருபலகை பிடித்தவள், ஓலைப்பெட்டியில் உப்பு சுமந்து தட்டுமேட்டில் கொட்டினவள். அப்பா போட்ட கோட்டில் சிலது அவளுடைய பெட்டிக்கு. 1970களில் நான் பள்ளிக்கூடம் விட்டுத் தூக்குச்சட்டியோடு அளத்துக்குப் போனால், வெள்ளை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே மாதிரி நடந்து வருவார்கள். நடையை வைத்துத்தான் அம்மாவை அடையாளம் கண்டுபிடிப்பேன். காலில் வெடிப்பு, அதில் உப்பு. ராத்திரி விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி நான்தான் தடவிவிடுவேன். டீச்சர் வேலை கிடைத்த அன்றைக்கு அந்த வாடையையெல்லாம் கழுவிவிட்டாற்போல நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் அவளிடம் எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. வெயில் ஏறிப் பாத்திகள் கூச ஆரம்பித்தன. அவள் நடுவில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முடித்ததும், “அவருக்குத் தெரியுமாங்க?” என்றாள்.

“தெரியாது.”

“நான் சொல்ல மாட்டேனுங்க.”

“சொல்லு. என்னால ஆகாது.”

எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. கை கொடுத்தாள். கடைக்குள் போய் அரைக் கிலோ உப்பு ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டு வந்தாள். 3 யூரோ, அன்றைய கணக்கில் 270 ரூபாய். தூத்துக்குடிக்காரிக்கு உப்பு வாங்கிக் கொடுக்கிறாயே பிள்ளே என்றேன். “பூனைக்கு மீன் வாங்கிக் குடுக்கறதில்லீங்களா?” என்றாள். ‘ங்க’ இருந்தது, ஆனாலும் அது வேறு மாதிரிக் கேட்டது.

திரும்பும் படகில் டிக்கெட்டை அவளே எடுத்தாள். மேல்தளத்தில் உட்கார்ந்து, கோஸோவில் வாங்கிய ஃப்திராவைப் பிட்டுத் தின்றோம். உருளைக்கிழங்கை மெல்லிசாக அரிந்து ரொட்டி மாவின்மேல் பரப்பிச் சுடுவது. ஆட்டுப்பால் கட்டியும் கேப்பர் மொட்டும் போட்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஒரு பச்சை மிளகாய் இருந்திருக்கலாம். ராத்திரி மகன் வாசலில் வந்து பெட்டியை வாங்கி, “எப்படி இருந்துச்சு?” என்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “நல்லா இருந்துச்சு” என்றோம். அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அவள் அவனிடம் எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து ஒரு மாசம் கழித்துப் போனில், “ஆச்சி போட்டோ ஏதாவது இருக்காம்மா? எனக்கு அனுப்பு” என்று மட்டும் கேட்டான். ரேஷன் கார்டில் இருந்ததைத்தான் அனுப்ப முடிந்தது.

உப்பில் பாதியைச் சித்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவின் தங்கை. எண்பதை நெருங்கிவிட்டாள், கண் ஒன்றுதான் தெரியும். அவளும் அளத்தில் கிடந்தவள்தான். வெளிநாட்டு உப்பு என்றதும் உள்ளங்கையில் கொட்டி, பெருவிரலால் நசுக்கி, வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலு பருக்கையை வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்துவிட்டுத் துப்பினாள்.

“கைப்பு இல்ல. நல்ல உப்புதான்” என்றாள். மறுபடி உள்ளங்கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “ஆனா ஏட்டி, இதுல பொட்டு மண்ணு இல்லையே. இது மிதிக்காத உப்புல்லா?”

“பாறையில விளைஞ்சது சித்தி.”

“பாறையிலயா?” என்று உள்ளங்கையைத் தட்டினாள். “அப்பம் அங்க உள்ள பொம்பளைக்கு என்னதான் வேலை?”